கவ்வாத்துப் பாறைக்கு ஒரு பக்கம்

1

இந்தக் காலத்து மனிதர்கள் ஓர் அருவியைப் பார்க்கப் போனால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முகத்துக்கு நேரே ஒரு போனைப் பிடித்துப் பல்லைக் காட்டுகிறார்கள். பிறகு அந்தப் போனுக்குள் அருவியைத் தேடுகிறார்கள். பின்னால் அது பாட்டுக்கு விழுந்துகொண்டுதான் இருக்கிறது, திரும்பிப் பார்க்க ஆளில்லை. எதையும் பார்க்காமல் திரும்பிப் போவதற்காக இத்தனை தூரம் பெட்ரோல் எரித்து வருகிற கூட்டத்தை வேறெங்கும் காணமுடியாது.

அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதச் சொன்னார்கள். சொன்னது ஒரு கந்தோர், அரசாங்கக் காரியாலயம். பெயர் வேண்டாம், பெயரைப் போட்டால் நாளைக்கு யாராவது கடிதத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். வெளியே தெரியாமல் கிடக்கிற அதிசயங்கள் முப்பத்திரண்டைத் தேடிப் பிடித்து, மூன்று பாஷையில் ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அதில் இருபத்தேழாவது அதிசயம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் இருக்கிற ஒரு பாறை. அந்த இடத்தின் மூத்த ஆள் ஒருவர் பாறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அடியில் கையெழுத்து வைக்கவேண்டும். மூத்த ஆள் இருளப்பன். வயது எழுபத்திரண்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் மூன்றாம் வகுப்பு இரண்டு தரம்.

கேட்டது ஒரு பக்கம். இதுவோ எண்பது பக்கக் கொப்பி. ஒரு பக்கம் எப்படிக் கொப்பியானது என்பதுதான் கதை. ஒளிக்க ஒன்றுமில்லை: ஒரு சொல்லை ஒருவர் தப்பாகக் கேட்டதில் பிறந்த கதை இது. சொன்ன வாய் இருளப்பனுடையது.

(இதை எழுதுகிறவனும் இருளப்பனும் ஒரே ஆள்தான். ‘நான்’ என்று எழுதக்கூடாதாம். அரசாங்கப் புத்தகத்தில் ‘நான்’ வராது, பேரைப் போட்டு எழுதுங்கோ என்று கந்தோரிலிருந்து வந்த மிஸ் சொல்லிவிட்டார். அதனால் இருளப்பன் வந்தான், இருளப்பன் போனான் என்று அடுத்த வீட்டுக்காரனைப் பற்றி எழுதுவதுபோல எழுதவேண்டியிருக்கிறது. இரண்டு நாளில் பழகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரன் என்றால் கொஞ்சம் உண்மையும் எழுதலாம்.)

2

தொடங்குகிறதுதான் பெரிய தொல்லை. முதல் நாள் எழுதிய தொடக்கம்:

பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், இயற்கை எழில் கொஞ்சும் இம்மலைச்சாரலில்—

எழுதி முடிக்குமுன்பே இருளப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மலையில் எழில் கொஞ்சி அவன் பார்த்ததில்லை. அட்டை கடித்துத்தான் பார்த்திருக்கிறான்.

இரண்டாவது:

ஓப்பநாயக்கவிலிருந்து மேலே வருகிற பஸ்ஸில் கோயிலடியில் இறங்கி, தேயிலை ஸ்டோரைத் தாண்டி இரண்டரை மைல் நடந்தால்—

இது உண்மை. ஆனால் ‘நடந்தால்’ என்று போடக்கூடாதாம். நடக்கவேண்டும் என்று தெரிந்தால் வரமாட்டார்களாம். ‘ஒரு குறுகிய பயணத்தின் பின்’ என்று போடச் சொன்னார்கள். அந்தக் குறுகிய பயணம் எப்படிப்பட்டது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஓர் ஆளிடம் கேட்டிருக்கலாம். அந்த ஆள் ஐந்தாம் பகுதியில் வருகிறாள். அவளை இன்னும் முன்னால் கொண்டுவந்திருக்கவேண்டும். இருளப்பனுக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது தொடக்கம் கீழே இருக்கிறது. அழகில்லை, ஆனால் நிற்கும்.

மேல் டிவிஷனில் வெளியாட்கள் பார்க்கிற மாதிரி மூன்று சாமான் உண்டு. ஒன்று, சின்ன அருவி. ஆனி, ஆடியில் பள்ளத்துக் காற்று ஏறும்போது விழுகிற தண்ணீரைத் தூக்கி மேலேயே வீசிவிடும். கீழே நிற்கிறவன் நனையமாட்டான். மேலே கொழுந்து எடுக்கிற பெண்கள் நனைவார்கள். வருகிறவர்கள் அதற்கு அதிசயம் என்று பெயர் சொல்கிறார்கள். நனைகிறவர்கள் வேறு பெயர் சொல்கிறார்கள், அதை இங்கே எழுதமுடியாது. இரண்டாவது, ஒரு குகை. உள்ளே வௌவால், அதன் எச்சம். சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து போட்டால் கத்தரிக்காய் நன்றாகப் பிடிக்கும். ஆதி மனிதன் இருந்த இடமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருதரம் நாலு பேர் வந்து தோண்டினார்கள். இருக்கவில்லை. ஆதி மனிதனுக்குப் புத்தி இருந்திருக்கிறது.

மூன்றாவது இந்தப் பாறை. லயத்துக்கு மேலே, பதினோராம் நம்பர் மலை தொடங்குகிற இடத்தில், எருமை படுத்த மாதிரி நாற்பதடி நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் முதுகு முழுக்கக் கீறல். ஒரு விரல் ஆழம், ஒரு முழ நீளம், ஈரத் தலையில் சீப்பை இழுத்ததுபோல நெருக்கமாக, நூற்றுக்கணக்கில். மழை விட்டதும் ஒவ்வொரு கீறலிலும் தண்ணீர் நிற்கும். வெயில் பட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் பளபளக்கும். அது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இதை ஒத்துக்கொள்ள இருளப்பனுக்கு அறுபது வருசம் எடுத்தது.

கீறல் எப்படி வந்தது என்பதில் எந்த மர்மமும் இல்லை. நாலு வருசத்துக்கு ஒருதரம் தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடவேண்டும். விட்டால் அது மரமாகிவிடும். அந்த வெட்டுக்குப் பெயர் கவ்வாத்து. வெட்டுகிறவன் கவ்வாத்துக்காரன். கத்தியைக் காலையில் தீட்டவேண்டும், பத்து மணிக்குத் தீட்டவேண்டும், தேத்தண்ணி குடித்துவிட்டுத் தீட்டவேண்டும். தீட்டுக்கல் தோட்டம் கொடுக்கவேண்டிய சாமான்; உடைந்துபோனால் அடுத்தது வருவதற்குள் செடி தானாகவே செத்துவிடும். அதனால் ஆட்கள் பாறையில் தீட்டினார்கள். தேயிலை வைத்த காலத்திலிருந்து தீட்டினார்கள். விசயம் அவ்வளவுதான்.

இதைத்தான் இருளப்பன் சொன்னான்.

3

கஜானி மிஸ் முதல்தரம் வந்தது போன வருசம் மாசியில். அந்தக் கந்தோரில் வேலை, சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம். அவர் பேசுவதும் தமிழ், தோட்டத்தில் பேசுவதும் தமிழ். பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் வழியில் காணாமல் போகும். காணாமல் போனது இரண்டு பேருக்கும் தெரியாது. அங்கேதான் ஆபத்து.

பாறையைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

“கவ்வாத்துக்காரங்க கத்தி தீட்டுன பாறைங்க மிஸ்.”

அவருடைய கண் பெரிதாகிவிட்டது. “கவாத்துக்காரரோ? எந்தக் காலத்தில ஐயா?”

“வெள்ளக்காரன் காலத்துலருந்து. அதுக்கும் முந்தியா இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா.”

(இந்த ‘யாரு கண்டா’வுக்காக இருளப்பன் பிறகு பலதரம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டான்.)

எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கேட்டார். ஒரு கூட்டத்துக்கு நாற்பது, ஐம்பது பேர் என்றான். எப்படி வேலை செய்வார்கள் என்று கேட்டார். வரிசையாக நிற்பார்கள், முன்னால் கங்காணி நிற்பார், அவர் சத்தம் கொடுத்ததும் எல்லாரும் ஒன்றாகக் குனிவார்கள் என்றான். கத்தி எவ்வளவு கூர் என்று கேட்டார். கை தவறினால் கால் போய்விடும், போனவர்களும் இருக்கிறார்கள் என்றான். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கந்தோரிலிருந்து வந்த ஒருவர், தான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மதித்து எழுதுவதை இருளப்பன் அன்றைக்குத்தான் பார்த்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

விசயம் என்னவென்றால், அவர்கள் ஊரில் கவாத்து என்றால் இடது, வலது என்று கால் தூக்கி வைக்கிற படைப் பயிற்சியாம். அவருடைய அப்பா ஞானசேகரம் என்பவர் பள்ளிக்கூட மாஸ்டர். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கவாத்துப் பழக்கியவராம். ஆகவே மகள் கேட்டது: படையாட்கள், கத்தி, வரிசை, முன்னால் தலைவன், சத்தம் கொடுத்ததும் குனிவு. எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்திவிட்டது.

மிஸ் தமிழில் எழுதிக் கொடுத்ததைக் கந்தோரில் ஒருவர் சிங்களத்துக்கு மாற்றினார். அதில் படையாட்கள் ‘ஹேவாயோ’ ஆனார்கள், பாறைக்கு ‘ஹேவாகல’ என்று பெயர் விழுந்தது. படை என்றால் ராஜா இல்லாமல் எப்படி? ராஜாவும் வந்தார். சிங்களத்திலிருந்து இங்கிலீசுக்குப் போனபோது, இத்தனை கத்தியைச் சும்மாவா தீட்டினார்கள் என்று யோசித்து ஒரு சண்டையையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு சொல் பாறையைவிட்டு இறங்கி மூன்று மேசையைத் தாண்டுவதற்குள் ஒரு யுத்தமே நடந்து முடிந்துவிட்டது.

(எந்த ராஜா என்று எங்கேயும் போடவில்லை. யாரும் கேட்டால் ஆராய்ச்சி நடக்கிறது என்று சொல்லவேண்டுமாம்.)

பாறை அப்படித்தான் முப்பத்திரண்டில் ஒன்றானது. முப்பத்திரண்டு இடத்துக்கும் வாகனம் போகிற மாதிரி ரோட்டுப் போட்டுக் கொடுப்பார்களாம். எங்கள் பாறைக்கு ரோட்டு என்றால் அது லயத்து வாசலால்தான் போகவேண்டும். இரண்டரை மைல், கொங்கிரீட். மூத்த ஆளின் பக்கமும் கையெழுத்தும் கிடைத்த மறுவாரம் வேலை தொடங்கி, மார்கழிக்குள் முடியும் என்று கந்தோரிலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது.

4

இந்த இடத்தில் கஜானி மிஸ்ஸைக் கெட்டவராக எழுதினால் கதை தானாக நடக்கும். எழுதிப் பார்த்தது:

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏளனமாகச் சிரித்து—

பொய். நாற்காலியே கிடையாது. பாறைமேல் உட்கார்ந்து, காலில் ஏறின அட்டைக்குச் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சரி, நல்லவராக எழுதலாம் என்றால் அதற்கும் கை வரவில்லை. கந்தோரிலிருந்து வருகிறவர்களை நல்லவர் என்று எழுதி இருளப்பனுக்குப் பழக்கமில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகிறது. நடந்ததை மட்டும் எழுதுகிறது உத்தமம்.

இந்த வருசம் ஆவணியில், புத்தகத்தில் வரப்போகிறதைக் காட்டுவதற்காக அவர் இரண்டாம்தரம் வந்தார். இருளப்பன் எழுத்துக் கூட்டி வாசித்தான். ‘படைவீரர்’ என்ற இடத்தில் நிறுத்தினான். திரும்ப வாசித்தான். வேறு பாறையின் கடுதாசி மாறி வந்துவிட்டதா என்று கேட்டான். பிறகு, கவ்வாத்து என்றால் செடி வெட்டுவது என்று எடுத்துச் சொன்னான்.

மிஸ் சவர்க்காரத்தைக் கீழே வைத்தார்.

“நீங்கள் அண்டைக்கு இதைச் சொல்லேல்லையே ஐயா.”

“நீங்க கேக்கலையே மிஸ். கவ்வாத்துன்னா கவ்வாத்துதானே.”

“எங்கட அப்பா பள்ளிக்கூடத்தில கவாத்துப் பழக்கினவர்.”

“வாத்தியாருன்னு சொன்னீங்க. புள்ளைங்கள வச்சா செடி வெட்டுனாரு?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்துச் சொன்னதை முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

“இப்ப இதை மாத்தினா லிஸ்டில இருந்து எடுத்துப்போடுவினம் ஐயா. தேயிலை வெட்டினவை கத்தி தீட்டின கல்லைப் பாக்க ஆர் வருவினம் எண்டு கேப்பினம். பிறகு றோட்டும் இல்லை.”

அப்படியென்றால் பொய் சொல்லப்போகிறது யார் என்று இருளப்பன் கேட்டான்.

“நான் இல்லை ஐயா. நீங்கள்தான் கையெழுத்து வைக்கவேணும்.”

இதை வெட்கத்தோடு சொன்னாரா, வெட்கமில்லாமல் சொன்னாரா என்று எழுதவேண்டும். இருளப்பன் நின்ற இடத்திலிருந்து முகம் தெரியவில்லை.

5

விஜயகலா இருளப்பனின் மருமகள். மகன் சதீஸ் எம்பிலிப்பிட்டியவில் ஒரு கராஜில் வேலை செய்கிறான், பதினைந்து நாளுக்கு ஒருதரம் வருவான். விஜயகலாவுக்கு இப்போது ஆறு மாதம். தையில் பிள்ளை பிறக்கவேண்டும். அது இரண்டாவது. முதலாவதைப் பற்றி எழுதினால்தான் கதை விளங்கும்.

மூன்று வருசத்துக்கு முன் ஒரு நாள் காலையில் விஜயகலாவுக்கு வலி—

ஹில்மி என்கிற த்ரீவீல்காரப் பையன் கூப்பிட்டவுடனே வந்தான், அவனில் குற்றம்—

அன்றைக்கு மழைகூட இல்லை. மழை பெய்திருந்தால் பழியை அதன்மேல் போட்டிருக்கலாம். காலை ஒன்பது மணி, நல்ல வெயில். மூன்றாவது முடக்கில், ரோட்டு வளைகிற இடத்தில், த்ரீவீலின் சில்லு ஒன்று குழியில் இறங்கிவிட்டது. ஹில்மி இறங்கித் தள்ளினான். நானும் தள்ளினேன். கல்லை எடுத்துச் சில்லுக்கு அடியில் போட்டுப் போட்டுத் தள்ளினோம். உள்ளே இருந்து அவள் மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கீழே இருக்கிற மதகு வருவதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. தோளில் கிடந்த துவாயில் சுற்றி நான்தான் மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு இருந்தது. மதகைத் தாண்டும்போதும் இருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் துவாயை விலக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீங்க என்று கேட்டார். சொன்னேன். அவர் கணக்குப் பார்த்தார். மெயின் ரோட்டுக்கு வந்து சேர மட்டும் ஒரு மணியும் நாற்பது நிமிசமும்.

(மேலே ‘நான்’ என்று வந்திருக்கிறது. மிஸ் பார்த்தால் கோடு போட்டு அடிப்பார். கிடக்கட்டும்.)

பாறை விசயம் லயத்தில் பரவின அன்று விஜயகலா வாசலில் பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். இருளப்பன் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

“கல்லப் பத்தி என்ன எழுதுனா என்னங்க மாமா.”

“பொய்யில்ல எழுதச் சொல்றாங்க.”

“ஆமா, நீங்க பொய்யே எழுதாத ஆளு. ஒங்க மகனுக்கு ரெண்டு வயசு கூட்டி தோட்டத்துல பேரு பதிஞ்சது யாரு?”

இருளப்பன் வேறு பக்கத்தால் வந்தான். “ரோட்டு வரும்னு நீ நம்புறியா? நான் பாக்க மூணு தரம் இந்த ரோட்டுக்குத் தேங்கா ஒடச்சிட்டாங்க. தேங்கா மட்டுந்தான் ஒடஞ்சிச்சு.”

விஜயகலா ஒரு கொட்டையை உரித்து முடித்துத் தண்ணீரில் போட்டாள்.

“வராமலே போகட்டும் மாமா. ஆனா வராததுக்கு நீங்க காரணமா இருக்க வேணாம்.”

சொல்லிவிட்டு, வெளிச்சத்தை மறைக்கிறீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றாள். இருளப்பன் தள்ளி நின்றான்.

இந்த இடத்தில் அவன் ஏதாவது பதில் சொன்னதாக எழுதுவதற்காகக் கொப்பியில் இரண்டு பக்கம் வெறுமையாக விட்டு வைத்தான். இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

6

சங்கத்தின் தோட்டத் தலைவர் அழகமுத்து இந்தக் கதைக்கு அவசியமா என்று யோசனையாக இருக்கிறது. விட்டுவிட்டால் கதை மெலியும், சேர்த்தால் அவன் தன்னைப் பெரிதாக எழுதவில்லை என்று கோபிப்பான். ஆகவே சின்னதாக.

அழகமுத்து வந்து, கையெழுத்தைப் போட்டுத் தொலைக்கவேண்டியதுதானே என்றான். இருளப்பன், உன் தாத்தன் என் தாத்தனெல்லாம் முதுகு ஒடிந்து செய்த வேலையை எவனோ ராஜாவின் பேரில் எழுதவா என்று கேட்டான். அழகமுத்து சற்று யோசித்தான்.

“அண்ணே, கூலிக்காரனாச் செத்தவங்க பட்டாளத்துக்காரனா ஆகுறாங்க. பதவி உயர்வுதானே. இத்தன வருசத்துல சங்கத்தாலகூட அது முடியல.”

சிரிப்பதா அடிப்பதா என்று இருளப்பனுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை. ஆனால் அழகமுத்து போனபிறகு ஒரு கேள்வி மட்டும் போகாமல் நின்றது: பாறையில் கத்தி தீட்டினவர்களில் யாராவது, இதை எழுதி வைக்கவேண்டும் என்று எப்போதாவது கேட்டார்களா? அவர்கள் கேட்டதெல்லாம் தீட்டுக்கல்.

7

புரட்டாதியில் நாலு பேர் பாறையைப் பரிசோதிக்க வந்தார்கள். ஜீப் மதகோடு நின்றுவிட்டது. மிச்சத் தூரத்தை நடந்தார்கள். ரோட்டின் இலட்சணத்தை அவர்கள் சப்பாத்தாலேயே படித்துக்கொண்டதில் இருளப்பனுக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

அவர்களில் பெரிய மாத்தயா ஒருவர், வயதானவர், மரியாதையானவர். முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொரு கீறலையும் தடவிப் பார்த்தார். பாறையின் ஓரத்துக்குப் போனதும் மற்றவர்களைக் கூப்பிட்டார். அங்கே ஒரு கீறல் தனியாக இருந்தது. மற்ற எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, அது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. மற்றதைவிட ஆழமும் கூட. பெரிய மாத்தயா சிங்களத்தில் விளக்கினார்: இது சாதாரண சிப்பாயுடையது அல்ல. தனியாக, கௌரவமான தூரத்தில் உட்கார்ந்து தீட்டியிருக்கிறான். இவன் சேனாதிபதி.

உள்ளது என்னவென்றால், அந்த ஆள் இடது கைக்காரன். வரிசையில் உட்கார்ந்தால் அவன் முழங்கை பக்கத்தில் இருக்கிறவன் விலாவில் இடிக்கும். அதனால் கங்காணி அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டி ஓரத்துக்கு விரட்டியிருந்தார். முப்பத்தொரு வருசம் அந்த ஓரம்.

இருளப்பனுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. சத்தத்தைக் கூட்டாமல், குறைக்காமல் சொன்னான்: “ஏ மம, மாத்தயா.” அது நான்தான், ஐயா.

நாலு பேரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை, நல்ல சிரிப்பு. பெரிய மாத்தயா அவன் தோளில் தட்டி, “ஹரி, சேனாதிபதி” என்றார். சரி, சேனாதிபதி. இன்னொருவர் கீறலில் கையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். இருளப்பன் வலது கையை வைக்கவா இடது கையை வைக்கவா என்று கேட்டான். எந்தக் கை என்றாலும் பரவாயில்லை என்றார்கள்.

கஜானி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் இடது கையை வைத்ததையும், அது அச்சில் வார்த்ததுபோல உட்கார்ந்ததையும் அவர் பார்த்தார்.

இருளப்பன் வாழ்நாள் முழுக்க யார் சொல்வதையும் நம்பாதவன். ஆனால் உண்மையைச் சொன்னால் தன்னையும் ஒருவரும் நம்பாமல் போகலாம் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

8

இனி முடிவு. கொப்பியில் இரண்டு எழுதியிருக்கிறது.

முதல் முடிவு: இருளப்பன் அந்த ஒரு பக்கத்தின் இருபத்துநாலு வரியையும் நிரப்பி எழுதிக் கொடுக்கிறான். ராஜா, படை, வெற்றி முரசு. மார்கழியில் ரோட்டு வருகிறது. தையில் விஜயகலா பத்து நிமிசத்தில் மெயின் ரோட்டுக்குப் போகிறாள். பிள்ளை அழுகிறது. அது வளர்ந்து பள்ளிக்கூடத்தில் பாறையைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, தாத்தா, நம்ம ஆளுங்க அந்தச் சண்டையில எந்தப் பக்கம் என்று கேட்கிறது—

இருளப்பன் இதில் ஒரு கோடு போட்டான். பிள்ளை அழுகிறது என்ற வரியை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. அதைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறது.

இரண்டாவது முடிவு: இருளப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உண்மையை எழுதுகிறான். கந்தோர் நடுங்குகிறது. பெரிய மாத்தயா மன்னிப்புக் கேட்கிறார். பாறையில் கவ்வாத்துக்காரர் நூறு பேரின் பெயர்—

இதை வாசித்துவிட்டு அவனுக்கே கொட்டாவி வந்தது. இந்த நாட்டில் எந்தக் கந்தோர் நடுங்கியிருக்கிறது? உண்மையாக நடக்கக்கூடியது என்ன? இருபத்தேழாவது அதிசயம் வேறொரு ஊருக்குப் போகும். தையில் ஹில்மி வருவான். மூன்றாவது முடக்கில்—

அடித்தாயிற்று.

9

ஐப்பசியில் ஒரு பகல் நேரம், மிஸ் பக்கத்தை வாங்கிக்கொண்டு போகத் தனியாக வந்தார். இரண்டு பேரும் பாறையடியில் நின்றார்கள். இருளப்பன் கடுதாசியை நீட்டினான். இருபத்துநாலு வரியில் ஒரு வரிதான் எழுதியிருந்தது:

இது கவ்வாத்துக்காரர்கள் கத்தி தீட்டிய பாறை.

அடியில் கையெழுத்து. மு. இருளப்பன்.

“ஒரு வரிதானே ஐயா.”

“அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க மிஸ்.”

அவர் திரும்ப வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கு விளங்கியது இருளப்பனுக்கும் தெரிந்தது. படை என்று வாசிக்கிறவர்களுக்குப் படை. செடி என்று வாசிக்கிறவர்களுக்குச் செடி. வரியில் பொய் இல்லை.

பிறகு அவர் பேனை முனையால் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இதில ஒரு ‘வ்’ கூட இருக்கு ஐயா. நாங்கள் கவாத்து எண்டுதான் எழுதுறது.”

“எங்களுக்கு அதோடதான் மிஸ்.”

“இது இப்பிடியே போனா ஆராவது கேப்பினம், இதென்ன சொல்லெண்டு. தேடிப் பாப்பினம். பிறகு விளங்கிப்போடும்.”

“அது இல்லாட்டி?”

“இல்லாட்டி ஒருத்தரும் கேக்காயினம்.”

கீழே லயத்து வாசலில் விஜயகலா, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் துணியைக் கயிற்றில் எறிந்து எறிந்து போட்டுக்கொண்டிருந்தாள். மிஸ்ஸும் அந்தப் பக்கம் பார்த்தார். மூன்று வருசத்துக்கு முன் நடந்தது அவருக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று இருளப்பன் கேட்கவில்லை.

“நீங்கள் சொல்லுங்கோ ஐயா. வெட்டவோ, விடவோ?”

மிஸ்ஸின் பேனை அந்த எழுத்துக்கு மேலே நின்றது.

“நான் எழுதுனது எழுதுனதுதாங்க” என்றான் இருளப்பன். “கையெழுத்தும் வச்சாச்சி. இனி கடுதாசி உங்க கையில.”

“இது ஞாயமில்லை ஐயா.”

“இல்லதான்” என்றான். “போன வருசம் நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். இப்ப நீங்க கேக்குறீங்க, நான் சொல்லல.”

இதைத் தைரியம் என்று எழுதுவதா, கோழைத்தனம் என்று எழுதுவதா? இருளப்பனுக்குத் தெரிந்திருந்தால் கொப்பியே தேவைப்பட்டிருக்காது. அவன் திரும்பி நடந்தான். பேனை கடுதாசியைத் தொட்டதா என்று பார்க்கவில்லை. அதனால் எழுதவும் முடியாது. புத்தகம் வந்தால் இருபத்தேழாம் அதிசயத்தைப் புரட்டி, அந்த எழுத்து இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், பாறைக்கு நடந்துதான் வரவேண்டும். இல்லாவிட்டால் வாகனத்திலேயே வரலாம், அப்படித்தான் சொல்கிறார்கள்.

இருளப்பன் லயத்தைத் தாண்டி ரோட்டில் இறங்கினான். இடது பக்கம் இரண்டு குழி, பிறகு வலது ஓரம், முடக்கில் ஒரு கல் ஆடும், அதை மிதிக்கக்கூடாது. ரோட்டு வராவிட்டால் தையிலும் இதெல்லாம் ஞாபகம் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கீழே போனான்.